பாய் விரிக்கும் முன்: குழுக் கூட்டத்துக்கு வரிசையா, வட்டமா, லாடமா?

மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டத்தில் நடப்பது இரண்டு: பேச்சு, பணம். பேச்சுக்கு எல்லோர் முகமும் தெரிய வேண்டும். பண விஷயத்திலோ சிலது எல்லோர் காதிலும் விழக் கூடாது.

பள்ளி வகுப்பறையில் கூடினால் தானாகவே வரிசை ஆகிவிடும். கூட்டத்தை வழிநடத்தும் ஊக்குநர் சொல்லச் சொல்ல முன்வரிசை தலையாட்டும். கடைசி வரிசையில் தனிக் கூட்டம் ஓடும். வங்கி மேலாளர் திட்டம் விளக்க வரும் நாளுக்கு இது போதும். யாருக்குக் கடன் என்று முடிவெடுக்க ஆகாது. அடுத்தவர் முதுகைப் பார்த்துக்கொண்டு யாரும் மறுப்புச் சொல்வதில்லை.

வட்டத்தில் பேச்சு கூடும், இடம் இருந்தால். சம்மணமிட்டு உட்கார ஒருவருக்கு 75 செ.மீ. என்றால் 15 பேருக்குச் சுற்றளவு 11.25 மீட்டர், விட்டம் ஏறக்குறைய 12 அடி. முதுகுப் பக்கமும் சேர்த்து 15 அடி அறை வேண்டும். அதற்குக் குறைந்தால் பின்னால் இரண்டாம் சுற்று முளைக்கும்; வாய் திறக்காதவர்கள் அங்கேதான் போய் ஒதுங்குவார்கள். 20 பேர் என்றால் விட்டம் 16 அடி. மின்விசிறி ஓடினால் மெல்லிய குரல் எதிர்ப்பக்கம் எட்டாது.

வட்டத்தில் ஒருவர் முடித்ததும் பக்கத்தில் இருப்பவரைவிட எதிரில் இருப்பவர் பேசும் வாய்ப்பே அதிகம் என்று 1950இல் உளவியலாளர் பெர்னார்ட் ஸ்டைன்சார் காட்டினார். ஆகவே ஓயாமல் வாதாடும் இருவரை அடுத்தடுத்து உட்கார வையுங்கள். பேசத் தயங்குபவரை ஊக்குநருக்கு நேரெதிரே. தலைவி அதட்டி நடத்தும் குழுவில் இந்தக் கணக்கு பலிக்காது. அங்கே பக்கத்தில் இருப்பவரிடம் முணுமுணுப்பதோடு சரி.

வட்டத்தின் பெரிய குறை தவணை நேரத்தில் தெரியும். "இந்த மாசம் முடியலக்கா" என்பதைப் பதினான்கு முகங்களுக்கு முன் சொல்ல வேண்டும். சொல்லக் கூசி, அன்றைக்குக் கூட்டத்துக்கே வராமல் இருந்துவிடுவார்கள்.

எங்கள் ஓட்டு லாடத்துக்கு, அதாவது ஒரு பக்கம் திறந்த வட்டத்துக்கு. திறந்த பக்கத்திலிருந்து ஆறேழு அடி தள்ளிக் கணக்கெழுதுபவர், பேரேடு, பணப்பெட்டி. தவணை கட்ட வருபவர் குழுவுக்கு முதுகு காட்டி உட்காரட்டும். கட்டிய தொகையும் பாக்கியும் கடைசியில் உரக்க வாசிக்கப்பட வேண்டும். அதை மறைத்தால் சந்தேகம் வளரும். கட்ட முடியாத காரணம் மட்டும் அந்த ஆறடிக்குள் நிற்கட்டும். பேரேட்டை லாடத்தின் நடுவில் வைத்தால் இது அத்தனையும் வீண்.

முட்டிவலிக்காரர்களுக்கு நாற்காலி போடுவதானால் லாடத்தின் இரு முனைகளிலும் போடுங்கள். தலைவி பக்கத்தில் போட்டால் அது மேடையாகிவிடும்.