பில்லில் 10:1, உள்ளே 8.2: மோபார் 440 கட்டக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

அமெரிக்காவில் பழைய டாட்ஜ், பிளைமத் வைத்துக்கொண்டு 440 பிக் பிளாக்கை (கிரைஸ்லரின் 440 கன அங்குல V8; மோபார் என்பது அவர்களின் பாகப் பெயர்) வெளிக் கடையில் கட்டக் கொடுக்கப் போகிறவர்கள், முன்பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். கடைக்குப் போனது 1969 பிளாக், 906 என்ற காஸ்டிங் எண் உள்ள ஹெட், ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) கிராங்க். பில்லில் இருந்தது: 30 தவ் (தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஓவர்சைஸ், 10:1 கம்ப்ரஷன் (சிலிண்டரில் கலவை எத்தனை மடங்கு இறுக்கப்படுகிறது என்பது), பெரிய கேம் (வால்வைத் திறக்கும் தண்டு). திரும்பி வந்த என்ஜின் 300 மைல்கூடத் தாண்டவில்லை. டக் டக் சத்தம், ஸ்டியரிங் வரை வரும் நடுக்கம், மிதித்தால் எழும்பாத சோம்பல். இறக்கிப் பிரித்ததில் கிடைத்த கணக்கு இது.

பெரிய திருட்டு பிஸ்டனில்தான். ஹெட்டைக் கழற்றி, டயல் கேஜ் வைத்து ஒன்றாம் சிலிண்டரை உச்சிக்குக் கொண்டுவந்து, டெக்கின் (பிளாக்கில் ஹெட் உட்காரும் மட்டம்) மேல் டெப்த் கேஜை வைத்தால் பிஸ்டன் தலை 91 தவ் கீழே நிற்கிறது. விரல் வைத்தாலே பள்ளம் தெரிகிறது. மற்ற ஏழும் அப்படியே.

காரணம் எளிய கழித்தல். 440-இன் டெக் உயரம், அதாவது கிராங்க் மையத்திலிருந்து டெக் வரை, 10.725 அங்குலம். அதில் ஸ்ட்ரோக்கில் பாதி 1.875, கனெக்டிங் ராட் 6.768 போனால் மீதி 2.082. பின் மையத்திலிருந்து தலை வரை பிஸ்டனின் உயரம் இந்த எண்ணை நெருங்கினால்தான் பிஸ்டன் டெக் வரை ஏறும். உள்ளே இருந்தது 1.991 உயரமுள்ள, சாதாரண ரீபில்டுக்குப் போடும் மலிவு காஸ்ட் பிஸ்டன்.

இனி சிசி கணக்கு. 906 ஹெட்டின் அறையைப் பியூரெட் வைத்து அளந்தால் 90. கேஸ்கெட் 39 தவ், அதற்கு 10. பிஸ்டன் தலையில் வால்வுக்கான வெட்டு 5. பிஸ்டன் மேல் நிற்கும் வெற்றிடம் 22. ஆக 127. 4.350 போரில் ஒரு சிலிண்டர் 913. இரண்டையும் கூட்டி 127-ஆல் வகுத்தால் 8.2. இதில் எரிச்சலூட்டும் விஷயம், பிஸ்டனைச் சரியாக டெக் மட்டத்துக்கே கொண்டுவந்தாலும் இந்த ஹெட், இந்தக் கேஸ்கெட்டில் 9.7-தான் வரும். 10 வேண்டுமென்றால் 20 தவ் ஸ்டீல் கேஸ்கெட் போட வேண்டும், அல்லது 84 சிசி அலுமினிய ஹெட்டுக்குப் போக வேண்டும். கணக்குப் போடாமலேயே 10 என்று எழுதியிருக்கிறார்கள்.

8.2 என்பது தன்னளவில் பாவமில்லை. சாதாரண கேம் போட்டிருந்தால் மாட்டு வண்டி போல நிதானமாக இழுத்துக்கொண்டு போகும். ஆனால் பெரிய கேமில் இன்டேக் வால்வு தாமதமாக மூடும். பிஸ்டன் ஏறத் தொடங்கிய பிறகும் கொஞ்சம் கலவை மேனிஃபோல்டுக்கே திரும்பிவிடும். குறைந்த கம்ப்ரஷனில் மிஞ்சுவதும் குறைவு, அதனால் கீழ் ஆர்பிஎம்மில் டார்க் செத்துவிடும், வாக்குவம் விழும், பவர் பிரேக் கல்லாகும். கார்ப்பரேட்டரை எத்தனை தடவை ட்யூன் செய்தாலும் இது தீராது.

நடுக்கத்துக்குக் காரணம் கிராங்க். கொடுத்தது ஃபோர்ஜ்டு, உள்ளே இருந்தது காஸ்ட் (வார்த்தது). பக்கவாட்டில் அச்சு சேர்ந்த கோட்டைப் பாருங்கள்: ஃபோர்ஜ்டு என்றால் பட்டையாக, தேய்த்த தடத்தோடு இருக்கும், காஸ்ட் என்றால் மெல்லிய ஒற்றைக் கோடு. 440-இன் காஸ்ட் கிராங்குக்கு பேலன்ஸ் வெளியே. முன்னால் ஒருபக்க எடையுள்ள டேம்பரும் (கிராங்க் முனையில் நடுக்கத்தை அடக்கும் சக்கரம்) பின்னால் எடை வைத்த டார்க் கன்வர்ட்டரும் சேர்ந்தால்தான் அது சமமாகும். இவர்கள் கிராங்கை மட்டும் மாற்றிவிட்டு, பழைய ஃபோர்ஜ்டு கிராங்கின் டேம்பரையே மாட்டி அனுப்பிவிட்டார்கள். மெயின் பேரிங்கில் செம்பு தெரியத் தொடங்கியிருந்தது. (சிக்ஸ் பேக் (மூன்று கார்ப்பரேட்டர்) 440 ஒரு விதிவிலக்கு: கிராங்க் ஃபோர்ஜ்டு, ஆனாலும் ராட் கனமென்பதால் பேலன்ஸ் வெளியே.)

சத்தம் கேமிலிருந்து. ஆயில் ஃபில்டரை வெட்டி மடிப்பை விரித்து வெளிச்சத்தில் பிடித்தால் ஜிகினா தூவினது போல மின்னியது. கேமில் இரண்டு லோபின் (வால்வைத் தூக்கும் மேடு) மூக்கு மழுங்கி, அதன்மேல் ஓடும் லிஃப்டர் அடியில் குழி விழுந்திருந்தது. ஃப்ளாட் டேப்பெட் கேமுக்கு (லிஃப்டர் உருளையில்லாமல் லோபில் உரசி ஓடும் வகை) லோபில் எண்ணெய் பெரும்பாலும் கிராங்க் தெளிப்பதுதான். அதனால்தான் முதல் ஸ்டார்ட் முடிந்ததும் ஐடிலில் விடாமல் 2000 ஆர்பிஎம்முக்கு மேல் ஏற்றி, இறக்கி, குறைந்தது 20 நிமிடம் ஓட்ட வேண்டும். துத்தநாகம் போதுமான பிரேக்-இன் ஆயில் வேண்டும். வால்வுக்கு இரட்டை ஸ்பிரிங் என்றால், இந்த முதல் ஓட்டத்துக்கு உள் ஸ்பிரிங்கைக் கழற்றி வைக்க வேண்டும். கடையில் ஐடிலில் விட்டுக் கார்ப்பரேட்டர் திருகியிருக்கிறார்கள். அவர்களே பெருமையாக அனுப்பிய வீடியோவில் அது இருக்கிறது. உள் ஸ்பிரிங்கும் இடத்தில்தான் இருந்தது.

சின்னதாக இன்னொன்று: ஒரு பக்க ராக்கர் ஷாஃப்ட் (வால்வை அழுத்தும் ராக்கர்களைத் தாங்கும் தண்டு) தலைகீழ். எண்ணெய்த் துளைகள் கீழ்நோக்கி இருக்க வேண்டும், மேல்நோக்கி இருந்தன. அந்தப் பக்க ராக்கர்கள் நீலம் பாய்ந்திருந்தன.

கேட்டதற்குக் கடையின் பதில், "தெருவில் ஓட்டும் வண்டிக்கு எட்டே போதும், பெட்ரோலுக்கு நல்லது." லிஃப்டருக்கும் கேஸ்கெட்டுக்கும் மட்டும் பணம் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஹெட் மூடும் முன் டெக் கிளியரன்ஸ், அறையின் சிசி, மெயின், ராட் பேரிங் கிளியரன்ஸ், டாப் ரிங் இடைவெளி, இவற்றைச் சிலிண்டர் வாரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். தெருவுக்கான 440-இல் பேரிங் 2 முதல் 3 தவ்வுக்குள்ளும் ரிங் 18 முதல் 20 தவ்வும் வர வேண்டும். எண் இல்லாமல் "ஸ்பெக் படி" என்று எழுதினால் அளக்கவில்லை என்று அர்த்தம்.

கொடுத்த ஃபோர்ஜ்டு கிராங்க் எங்கே என்றதற்கு, விரிசல் இருந்தது, ஸ்கிராப்பில் போட்டுவிட்டோம் என்றார்கள். விரிசல் காட்டிய மேக்னாஃப்ளக்ஸ் (காந்தத்தால் விரிசல் தேடும் சோதனை) படம் ஒன்றுகூட இல்லை. கொடுப்பதற்கு முன் பிளாக், ஹெட், கிராங்க் மூன்றின் காஸ்டிங், ஃபோர்ஜிங் எண்களையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கிராங்கின் கவுண்டர்வெயிட்டில் சென்டர் பஞ்சால் இரண்டு புள்ளி போட்டு அதையும் படம் எடுங்கள். பழைய பாகம் எதுவானாலும் திருப்பித் தர வேண்டும் என்று ஒர்க் ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள்.