டெஸ்ட் பல்பா டைமிங் லைட்டா? அம்பாசிடருக்கு டைமிங் பாத்த கதை

என்கிட்ட இருக்கறது மார்க் 4 அம்பாசிடர், 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். போன வருஷம் சேலத்துலேர்ந்து ஏற்காடு ஏறும்போது அந்த 20 கொண்டை ஊசி வளைவுல பாதி கூட தாண்டல, டெம்பரேச்சர் முள்ளு மேல போயிடுச்சு, செகண்ட் கியர்லயே முக்கி முக்கி தான் ஏறுச்சு. ஆனா வீட்டு வாசல்ல ஸ்லோல விட்டா தையல் மிஷின் மாதிரி அழகா ஓடும். ரேடியேட்டர் கழுவி, கார்புரேட்டர் கழுவி, பிளக் மாத்தி எல்லாம் பண்ணிட்டு கடைசியா தான் டைமிங் மேல, அதாவது பிளக்ல ஸ்பார்க் விழற நேரத்து மேல, சந்தேகம் வந்துச்சு.

டைமிங் பாக்க நம்ம ஊர்ல மூணு வழி இருக்கு. முதல்ல காது. மெக்கானிக் டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு பிளக்குக்கும் முறை வச்சு கரண்ட் அனுப்புறது) கிளாம்ப லூஸ் பண்ணி இன்ஜின் ஓடும்போதே இப்படி அப்படி திருப்புவார், ஸ்பீடு நல்லா ஏறுற இடத்துல நிறுத்தி கொஞ்சம் பின்னாடி தள்ளி டைட் வச்சிடுவார். நடுரோட்டுல நின்னுட்டா வீடு வந்து சேர இது போதும். சிக்கல் என்னன்னா ஸ்லோல இன்ஜினுக்கு எப்பவுமே கூடுதல் அட்வான்ஸ் (ஸ்பார்க் முன்கூட்டியே விழறது) பிடிக்கும், அத நம்பி வச்சா லோடுல ஏறும்போது கட கடன்னு நாக்கிங் அடிக்கும். எனக்கு மூணு தடவ இப்படி வச்சு குடுத்தாங்க, மூணு தடவயும் வேற வேற இடம்.

ரெண்டாவது டெஸ்ட் பல்பு. 12 வோல்ட் பல்புல ரெண்டு ஒயர் பத்த வச்சு ஒண்ண டிஸ்ட்ரிபியூட்டர் லோ டென்ஷன் டெர்மினல்லயும் (காயில்லேர்ந்து சின்ன ஒயர் வர்ற இடம்) இன்னொண்ண பாடிலயும் மாட்டி, இக்னிஷன் ஆன் பண்ணிட்டு ஹேண்டில் போட்டு மெதுவா சுத்தணும். பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள திறந்து மூடுற சுவிட்ச், திறக்கும்போது தான் ஸ்பார்க் விழும்) திறக்கற அந்த நொடி பல்பு எரியும், அப்ப இன்ஜின் முன்னாடி புல்லில இருக்கற வெட்டு டைமிங் கவர்ல இருக்கற முள்ளுல எங்க நிக்குதுன்னு பாக்கணும், அவ்ளோ தான். நீளமான முள்ளு டாப் (முதல் பிஸ்டன் உச்சில நிக்கற இடம்), மத்த ரெண்டும் அதுக்கு முன்னாடி 5, 10 டிகிரி. அம்பாசிடர்ல இது அடிப்பக்கம் இருக்கறதால கீழ படுத்து தான் பாக்கணும், லுங்கிய பத்தி கவலப்படாதீங்க. சுத்தும்போது இன்ஜின் ஓடுற திசைலயே சுத்துங்க, தாண்டிப் போயிட்டா பின்னாடி நல்லா இழுத்துட்டு வந்து மறுபடி முன்னாடி வாங்க, இல்லன்னா இன்ஜினுக்குள்ள இருக்கற டைமிங் செயின் தளர்ச்சி கணக்க கெடுத்துடும்.

இதுக்கெல்லாம் முன்னாடி பாயிண்ட் கேப் வைக்கணும். லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டர்ல 14லேர்ந்து 16 தவ் (ஒரு தவ்னா இன்ச்சுல ஆயிரத்துல ஒரு பங்கு; 0.35 - 0.40 மிமீ). கேப் கூடினா பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங் தானா அட்வான்ஸ் ஆகிடும். டைமிங் வச்சிட்டு அப்புறம் கேப்ப தொட்டீங்கன்னா பண்ணது எல்லாம் வேஸ்ட்.

பல்பு மேல எனக்கு மரியாதை உண்டு, டீ காசுல முடிஞ்சிடும். நானும் அத வச்சு மேனுவல் சொன்ன டிகிரில கரெக்டா வச்சேன், மறுநாளே மலைக்கு ஓட்டிட்டுப் போனேன், அதே முக்கல் அதே சூடு. அப்ப தான் 1,800 ரூபாய் குடுத்து மூணாவது வழியான டைமிங் லைட் வாங்குனேன்; முதல் பிளக்ல ஸ்பார்க் விழும்போதெல்லாம் மின்னி, ஓடுற புல்லி வெட்ட நிக்கற மாதிரி காட்டும். வீட்டுல திட்டு விழுந்துச்சு, அது வேற விஷயம்.

லைட்டோட கிளாம்ப முதல் பிளக் ஒயர்ல (ரேடியேட்டர் பக்கம் இருக்கறது) மாட்டி, பேட்டரில சிவப்பு கருப்பு கிளிப் போட்டு, புல்லி வெட்டுல வைட்னர் தடவி, டிஸ்ட்ரிபியூட்டருக்கு வர்ற வேக்கம் ஹோஸ கழட்டி வாய அடச்சிட்டு இன்ஜின ஸ்லோல விட்டேன். வெட்டு பல்புல வச்ச இடத்துலயே நின்னுச்சு. சரி, ஆக்ஸிலேட்டர் கொஞ்சம் கொஞ்சமா குடுக்க சொன்னேன், தம்பி குடுத்தான், சத்தம் ஏறுது, வெட்டு மட்டும் அசையவே இல்ல. அங்க தான் பிடிபட்டுச்சு.

ஸ்பீடு ஏற ஏற ஸ்பார்க் முன்கூட்டியே விழணும், ஏன்னா பெட்ரோல் எரிய எடுத்துக்கற நேரம் பெருசா மாறாது, பிஸ்டன் தான் வேகமாகுது. அந்த வேலைய டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள ரெண்டு வெயிட்டும் ரெண்டு ஸ்பிரிங்கும் பாத்துக்கும். என் வண்டில வெயிட் பின்ல கிரீஸ் காஞ்சு துரு பிடிச்சு சிக்கிக்கிச்சு. ஸ்லோல எல்லாம் சரி, ஆனா ஓடும்போது முழுக்க ரிடார்டு (ஸ்பார்க் லேட்டா விழறது). அதான் சூடு, அதான் பிக்கப் இல்ல. நின்ன இன்ஜின்ல பாக்குற பல்பு இத எந்த காலத்துலயும் காட்டாது, ஸ்லோல கேக்குற காதும் காட்டாது. என் ஓட்டு லைட்டுக்கு விழுந்தது இந்த ஒரே காரணத்துக்காக தான்.

இன்னொண்ணும் காட்டும். வெட்டு ஒரே இடத்துல நிக்காம ரெண்டு மூணு டிகிரி டான்ஸ் ஆடுச்சுன்னா டிஸ்ட்ரிபியூட்டர் புஷ் தேஞ்சிருக்கும், இல்ல செயின் லூஸா இருக்கும். ரெண்டுல எதுன்னு லைட்ட மட்டும் வச்சு என்னால பிரிச்சு சொல்ல முடியல, ரோட்டார கழட்டிட்டு ஷாஃப்ட கையால பக்கவாட்டுல ஆட்டிப் பாத்து தான் ஒரு முடிவுக்கு வந்தேன். வேக்கம் டயஃப்ரம் (அந்த ஹோஸ் முனைல உறிஞ்சல்ல நகர்ற மெல்லிய தகடு) செக் பண்ண லைட்டே வேணாம். ஹோஸ வாயில வச்சு உறிஞ்சி நாக்கால அடைங்க, உள்ள பிளேட் நகந்து அங்கயே நிக்கணும், திரும்பி வந்துட்டா டயஃப்ரம் ஓட்டை.

லைட்லயும் வம்பு இல்லாம இல்ல. முக்கியமா ஃபேன். அந்த வெளிச்சத்துல இறக்கை மெதுவா ஊர்ற மாதிரியே தெரியும், கைய விட்டுடாதீங்க, தொளதொள சட்டையும் வேணாம். ரொம்ப பழைய பிரிட்டிஷ் வண்டின்னா பாசிட்டிவ் எர்த்தான்னு (பேட்டரி பிளஸ் பாடில மாட்டி இருக்கான்னு) பாத்துட்டு கிளிப் மாட்டுங்க. நான் வாங்குனது டிகிரி திருகி வைக்கற டயல் இல்லாத சாதா லைட், முள்ளோ 10 டிகிரியோட முடிஞ்சிடுது, அதனால புல்லிய நூலால சுத்தி அளந்து 36ஆல வகுத்து, 10 டிகிரிக்கு ஒண்ணா மேல மேல கோடு போட்டுக்கிட்டேன். காசு இருந்தா டயல் உள்ளதே வாங்கிடுங்க.

மேனுவல் நம்பர் அந்த காலத்து பெட்ரோலுக்கு எழுதுனது, இப்ப பங்க்ல வர்றது எத்தனால் கலந்தது. அதனால லைட்ல வச்ச பிறகும் டாப் கியர்ல ஒரு ஏத்தம் ஏத்திப் பாப்பேன், நாக்கிங் கேட்டா ஒரு டிகிரி குறைப்பேன். என் டிஸ்ட்ரிபியூட்டர்ல திருகுற சின்ன நட் இருக்கு, 11 கிளிக் ஒரு டிகிரி. பிரீமியர் பத்மினி கார்ல நான் ரெண்டு தடவ தான் கை வச்சிருக்கேன், அந்த வண்டிக்காரங்க அவங்க மேனுவல் அளவையே எடுத்துக்கோங்க.

வெயிட்ட கழுவி, ரெண்டு சொட்டு ஆயில் விட்டதுக்கு அப்புறம் ஆக்ஸிலேட்டர் குடுத்தா வெட்டு சரசரன்னு நகருது. இப்ப நிறைய பேர் பாயிண்ட தூக்கிட்டு எலக்ட்ரானிக் கிட் போடுறாங்க, எனக்கும் ஆசை இருக்கு, ஆனா அந்த கிட்டுக்கு கீழயும் இதே வெயிட், இதே ஸ்பிரிங் தான் உக்காந்திருக்கும், பாயிண்டே இல்லாதப்போ பல்பு மெத்தடும் பழைய மாதிரி நடக்காது. பல்ப இன்னும் தூக்கிப் போடல, ஃபீலர் கேஜோட டிக்கில கிடக்கு.