இடாஸ்கா மாநிலப் பூங்கா: கற்களைத் தாண்டியதும் கிளம்பிவிடாதீர்கள்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள இடாஸ்கா பூங்காவுக்கு வருபவர்கள் பலர், ஏரியிலிருந்து மிசிசிப்பி ஆறு புறப்படும் இடத்தில் கற்கள்மேல் நடந்துவிட்டு, மஞ்சள் எழுத்து பொறித்த மரத்தூணருகே படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். 32,000 ஏக்கரில் அது ஒரு மூலைதான்.

அந்தக் கற்களும் தாமாக அமைந்தவை அல்ல. 1930களில் அரசு வேலைத்திட்டத்தில் வந்த இளைஞர்கள் சதுப்பை வடித்து, ஆறு தொடங்கும் இடத்தைத் திருத்தி அடுக்கியவை. பாசி படிந்து வழுக்கும்; ரப்பர் செருப்பு தண்ணீரோடு போய்விடும், பின்வார் வைத்த செருப்பே சரி. குழந்தைகளோடு போனால் கற்களைவிட அவற்றுக்குக் கீழ்ப்புறம் நல்லது, ஆழம் குறைவு. கோடையில் காலை 9 மணிக்குள் போய்விடுங்கள்.

1832இல் ஓஜிப்வே பழங்குடி வழிகாட்டி ஓசாவிண்டிப், மிசிசிப்பியின் தொடக்கத்தைத் தேடிய ஹென்றி ஸ்கூல்கிராஃப்ட்டை இங்கே அழைத்துவந்தார். மரவெட்டு நிறுவனங்கள் காட்டை அழித்துக்கொண்டிருந்தபோது நில அளவையாளர் ஜேக்கப் பிரௌவர் போராடியதால் 1891இல் பூங்கா உருவானது. அப்புறமும் வெட்டு நிற்கவில்லை. 1903இல் 24 வயதில் பூங்கா ஆணையரான மேரி கிப்ஸ், ஏரி மட்டத்தை உயர்த்தி கரை மரங்களை மூழ்கடித்த மரவெட்டு நிறுவன அணையின் மதகைத் திறக்கச் சொல்லி, துப்பாக்கி ஏந்திய காவலர்கள் முன் நின்றார். ஆறு புறப்படும் இடத்திலுள்ள வரவேற்பு மையத்துக்கு அவர் பெயர் வைத்திருப்பது மிகப் பொருத்தம்.

அவர்கள் காத்த மரங்களைப் பார்க்க 'பிரீச்சர்ஸ் குரோவ்' என்ற தோப்புக்குப் போங்கள். 250 வயது தாண்டிய செம்பைன்கள், பட்டை செதில் செதிலாகச் சிவந்து நிற்கும். இளம் வெள்ளைப்பைன் கன்றுகளின் நுனியில் காகிதத்துண்டு சுற்றியிருந்தால் பிரித்துவிடாதீர்கள். குளிர்காலத்தில் மான் மொட்டைக் கடிக்காமலிருக்க வைத்தது. நெருப்பை நெடுங்காலம் அடக்கியதாலும் மான்கள் மேய்ந்ததாலும் புதுப் பைன்கள் எழும்பாததே இந்தக் காட்டின் பெரிய கவலை.

சைக்கிள் சுற்று 16 மைல்: வில்டர்னஸ் டிரைவ் என்ற சாலை 10 மைல், மீதி தனித் தார்ப்பாதை. சாலைப் பகுதி மேடுபள்ளம், கார்களும் வரும், பெரும்பாலும் ஒருவழி. அதனால் ஆறு புறப்படும் இடத்தில் தொடங்கி மேட்டை முதலில் முடித்துவிடுங்கள். சைக்கிள், படகு இரண்டும் உள்ளேயே வாடகைக்குக் கிடைக்கும். 100 அடி உயர எய்ட்டன் ஹைட்ஸ் தீக்காவல் கோபுரம் திறந்திருந்தால் கட்டாயம் ஏறுங்கள்.

தங்க 1905இல் கட்டிய டக்ளஸ் லாட்ஜ், கேபின்கள், இரண்டு முகாம்கள் உண்டு. வார இறுதிக்கு 120 நாள் முன்பே பதியலாம். கோடையில் பதியாமல் போனால் இடம் கிடைப்பது கஷ்டம். ஜூனில் உண்ணி, கொசு இரண்டும் அதிகம்: கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு நடங்கள், இரவில் முழங்கால் மடிப்பையும் தலைமுடியையும் தடவிப் பாருங்கள்.