மாவட்ட நுகர்வோர் ஆணையம்: பிரசவக் காயத்துக்கு இழப்பீடு கேட்டுப் போன அனுபவம்

என் தங்கையின் இரண்டாவது பிரசவத்தில், குழந்தையின் தலை வெளியே வந்தபின் தோள் மாட்டிக்கொண்டது. அதை விடுவித்த விதத்தில் கழுத்திலிருந்து கைக்குச் செல்லும் நரம்புகள் காயம்பட்டு, நான்கரை வயதாகும் என் மருமகனால் இன்றும் இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. அந்தத் தனியார் மருத்துவமனையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. நாங்கள் படியேறிய மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன்.

முதலில் அதன் நல்ல பக்கம். கட்டணம் வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே தீர்ப்பளித்துவிட்டது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, நாம் கேட்கும் இழப்பீட்டை வைத்தல்ல, மருத்துவமனைக்குக் கொடுத்த தொகையை வைத்தே எந்த ஆணையம் விசாரிக்கும் என்பதும் மனுக் கட்டணமும் முடிவாகின்றன. எங்கள் பில் ஒரு லட்சத்தைத் தாண்டவில்லை. 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது என்பதால், பெரிய தொகை கேட்டும் ஒரு ரூபாய்கூடக் கட்டாமல் மனுவைத் தாக்கல் செய்தோம். பிரசவம் வேறு மாவட்டத்தில் நடந்திருந்தாலும், தங்கை குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட முடிந்தது. கைக்குழந்தையோடு அலைந்தவர்களுக்கே இதன் அருமை தெரியும்.

வேறு வழிகளையும் விசாரித்துப் பார்த்தோம். மருத்துவ கவுன்சிலில் புகார் கொடுத்தால் மருத்துவரின் பதிவின் மீது நடவடிக்கை வரலாம், குழந்தைக்குப் பணம் வராது. குற்ற வழக்கு என்றால், 2005இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, மிக மோசமான அலட்சியமாக இருக்க வேண்டும். அதற்கு முன் வேறொரு மருத்துவரின் சார்பற்ற கருத்தும் வேண்டும். எல்லோருக்கும் இலவசமாகவே மருத்துவம் பார்க்கும் அரசு மருத்துவமனை பொதுவாக நுகர்வோர் சட்டத்துக்கு வெளியே நிற்பதால், அங்கே பாதிக்கப்பட்டவர்கள் உரிமையியல் நீதிமன்றத்தையோ உயர் நீதிமன்றத்தையோ நாட வேண்டியிருக்கும். ஆயினும், 1996இல் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் குறைமாதத்தில் பிறந்து, விழித்திரைப் பரிசோதனை செய்யப்படாததால் பார்வையிழந்த பெண் குழந்தையின் வழக்கு தேசிய நுகர்வோர் ஆணையத்தின் வழியாகத்தான் சென்றது. அங்கே 5 லட்சமாக இருந்த இழப்பீட்டை 2015இல் உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 1.8 கோடி ரூபாயாக உயர்த்தியது. அதற்குள் அந்தக் குழந்தைக்கு 18 வயது முடிந்திருந்தது.

இனி குறைகள். எதிர்தரப்பு நோட்டீஸ் பெற்ற மூன்று மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். எங்களுக்கு உத்தரவு வர இரண்டு வருடமும் ஒரு மாதமும் ஆனது. வாய்தாவுக்கு மேல் வாய்தா. ஃபிரிட்ஜ், சீட்டுக் கம்பெனி வழக்குகளுக்கு நடுவே, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வராந்தாவில் காத்திருந்தாள் தங்கை. அரசு மருத்துவக் கல்லூரியிலிருந்து நிபுணர் கருத்து வருவதற்கு மட்டும் பதினோரு மாதங்கள்.

ஆனால் வழக்கைத் தீர்மானித்தது, மருத்துவமனை எழுதிவைக்கும் சிகிச்சைக் குறிப்பேடான கேஸ் ஷீட்தான். தோள் மாட்டுவதே மருத்துவரின் தவறாகிவிடாது, நல்ல கைகளிலும் அது நடக்கும். இதை எங்கள் வழக்கறிஞரே முதல் நாளில் சொன்னார். தங்கைக்குச் சர்க்கரை இருந்ததும், கடைசி ஸ்கேனில் குழந்தையின் எடை நான்கு கிலோவுக்கு மேல் காட்டியதும் முன்கூட்டியே கிடைத்த எச்சரிக்கைகள். இருந்தும் மூத்த மருத்துவர் எப்போது அழைக்கப்பட்டார், தலை வந்து எத்தனை நிமிடத்தில் உடல் வந்தது, தோளை விடுவிக்க என்னென்ன செய்தார்கள் என்பதற்கு ஒரு வரிக் குறிப்புகூட இல்லை. ஆணையம் பிடித்துக்கொண்டது அந்த வெற்றிடத்தைத்தான். கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. எங்களுக்கோ வக்கீல் நோட்டீஸ் அனுப்பிய பிறகு ஐந்து வாரத்தில்தான் கிடைத்தது. ஆகவே டிஸ்சார்ஜ் சம்மரியோடு திருப்தியடையாமல், பிரசவ வலி வரைபடம், செவிலியர் குறிப்பு உட்பட முழு நகலையும் எழுத்து மூலம் கேட்டு வாங்கிவிடுங்கள்.

மனுவைத் தாக்கல் செய்யக் காலக்கெடு இரண்டு வருடம். "தானாகச் சரியாகிவிடும்" என்ற சொல்லை நம்பி நாங்கள் பதினாறு மாதங்களைக் கழித்துவிட்டோம். பெரும்பாலான குழந்தைகளுக்கு உண்மையிலேயே சரியாகிவிடும் என்பதுதான் இதில் உள்ள பொறி. தகுந்த காரணம் காட்டினால் தாமதம் மன்னிக்கப்படலாம், ஆனால் அதை நம்பி இருக்கக் கூடாது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே பார்க்காமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரைத் தரும் என்பதும் எங்களுக்குப் பிந்தியே தெரிந்தது.

கேட்டதில் பாதிக்கும் குறைவாகவே உத்தரவானது. மருத்துவமனை மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு சென்றிருக்கிறது. விதித்த தொகையில் பாதியைக் கட்டினால்தான் அதை ஏற்பார்கள் என்பதால் கட்டியும்விட்டது. அந்தப் பணம் அங்கே வைப்பில் இருக்கிறது. வாரம் மூன்று நாள் பிசியோதெரபிக்கு என் மைத்துனர் இன்னமும் தன் சம்பளத்திலிருந்துதான் கொடுக்கிறார்.