மறுபடி கட்டிய எஞ்சினும் அதைப் பழக்கக் கற்றுக்கொடுத்த பட்டறையும்

சுங்கை சிப்புட் நகரை ஒட்டிய ஒரு சிறிய பட்டறையில், என் பழைய புரோட்டோன் சாகா இஸ்வாரா காரின் 1.3 லிட்டர் எஞ்சினைப் பிரித்து, சிலிண்டர்களைக் கடைந்து, புதிய பிஸ்டன்களும் வளையங்களும் போட்டு வாங்கினேன். வேலையைவிட நான் மெச்சுவது, சாவியைக் கொடுக்கும்போது மெக்கானிக் அண்ணன் சொன்ன அறிவுரையைத்தான்.

“முதல் 500 கிலோமீட்டருக்கு ஒரே வேகத்தில் ஓட்டாதே தம்பி, நிறுத்திவைத்து நெடுநேரம் ஓடவும் விடாதே” என்றார். சிலிண்டர் சுவரில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிய நுண்கோடுகளின் முனைகள் தேய்ந்து வளையங்கள் படிய வேண்டுமானால், எரியும் வாயுவின் அழுத்தம் அவற்றைச் சுவரோடு சேர்த்து அழுத்த வேண்டும். பயந்து பயந்து ஓட்டினால் அவ்வழுத்தம் போதாமல் சுவர் வழவழத்துவிடும், பிறகு வண்டி எண்ணெய் குடிக்கும். ஆகவே செம்பனைத் தோட்டத்து மேட்டில் மூன்றாம் கியரில் சற்று அழுத்தி ஏறுவதும், இறக்கத்தில் பெடலிலிருந்து காலை எடுத்துவிடுவதுமாக ஒரு வாரம் ஓட்டினேன். (பின்னால் வந்த செம்பனைக் குலை லாரிக்காரர்களின் பொறுமைக்கு நன்றி.)

செயற்கை எண்ணெய் வேண்டாமென்று சாதாரண மினரல் எண்ணெயையே ஊற்றியிருந்தார். 500 கிலோமீட்டரில் அதை வடித்தபோது, தட்டில் மெல்லிய உலோக மினுமினுப்பு தெரிந்தது. வளையங்கள் படியும்போது அப்படித்தான் இருக்கும் என்றார்.

குறையும் உண்டு. வால்வு மூடியின் ஓரத்தில் எண்ணெய் கசிந்தது. காசு வாங்காமல் கேஸ்கெட்டை மாற்றினார். ரசீதில் உதிரிப்பாக விலைகளைத் தனித்தனியே எழுதாததுதான் எனக்கு உறுத்தல். 1,000 கிலோமீட்டர் கடந்தும், அளவுக்கோலில் எண்ணெய் மேல்கோட்டிலேயே நிற்கிறது.