ஷிப்ட் வீட்டுக்குக் கூகுள் காலண்டர்: எதுவரை உதவும்?

"வர்ற ஞாயிறு உங்க வீட்டுக்காரர் இருப்பாரா?" என்று கேட்டால் ஷிப்ட் வீட்டில் பதில் சட்டென்று வராது. விரல்விட்டு எண்ணித்தான் சொல்ல வேண்டும். அந்த எண்ணும் வேலையைக் கூகுள் காலண்டரிடம் விடலாம். காசு இல்லை, ஜிமெயில் கணக்கு போதும். சுழற்சி மாறாத வேலை என்றால் கச்சிதமாக உழைக்கிறது. எப்போது கூப்பிடுவார்கள் என்றே தெரியாத வேலைக்குப் பாதிதான் பலன்.

கணவரின் சொந்தக் காலண்டரிலேயே ஷிப்டைப் போடுவதுதான் பலர் செய்யும் முதல் தவறு. அவருடைய மற்ற பதிவுகளோடு கலந்து குழம்பும். கணினியில் திறந்து, இடப்பக்கம் 'அதர் காலண்டர்ஸ்' அருகே உள்ள கூட்டல் குறியை அழுத்தி, 'கிரியேட் நியூ காலண்டர்' வழியாக 'டூட்டி' என்று தனியாக ஒன்று தொடங்குங்கள். பிறகு அதன் செட்டிங்ஸில் மனைவியின் மின்னஞ்சலைச் சேர்க்க வேண்டும். அனுமதி 'மேக் சேஞ்சஸ் டு ஈவென்ட்ஸ்' என்று இருக்கட்டும். பார்க்க மட்டும் அனுமதி கொடுத்தால், மாறிய ஷிப்டைத் திருத்தக் கணவர் வீடு திரும்பும்வரை காத்திருக்க வேண்டியதுதான். மனைவிக்கு வரும் மின்னஞ்சலில் உள்ள இணைப்பை ஒருமுறை தட்ட வேண்டும். "ஷேர் பண்ணியாச்சு, ஆனா போன்ல தெரியல" என்கிற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

வாரம் ஒரு ஷிப்ட், ஞாயிறு விடுமுறை என்றால் வேலை எளிது. காலை 6 முதல் 2 வரை ஃபர்ஸ்ட் ஷிப்ட் என்று ஒரு பதிவு. 'டஸ் நாட் ரிபீட்' என்ற இடத்தில் 'கஸ்டம்' தேர்ந்து, 3 வாரத்துக்கு ஒருமுறை, திங்கள் முதல் சனி வரை எனக் குறிக்கவும். செகண்ட் ஷிப்டை அடுத்த திங்களிலும், நைட்டை அதற்கடுத்த திங்களிலும் தொடங்கி இதேபோல் போட்டால், மூன்றே பதிவில் வருஷம் முழுக்க முடிந்தது. நைட்டுக்கு முடிவுத் தேதியை மறுநாளாக மாற்ற மறக்க வேண்டாம். 'செவ்வாய் நைட்' என்றால் செவ்வாய் இரவு 10 மணிக்குத் தொடங்கி புதன் காலை 6 மணிக்கு முடிவது என்று வீட்டில் ஒரே பேச்சாக இருக்கட்டும். திங்கள் விடிகாலையில் முடிவதைத் திங்கள் நைட் என்று ஒருவரும், ஞாயிறு நைட் என்று இன்னொருவரும் சொல்லிக்கொண்டிருந்தால் எந்தச் செயலியும் காப்பாற்றாது.

நிறுத்தாமல் ஓடும் ஆலைகளில் கதை வேறு. நான்கு குழு, 8 நாள் சுற்று என்று வைத்துக்கொள்வோம்: 2 நாள் ஃபர்ஸ்ட், 2 நாள் செகண்ட், 2 நாள் நைட், 2 நாள் ஆஃப். இங்கே வாரக் கணக்கு உதவாது. ஆறு வேலைநாளுக்கும் ஆறு பதிவு போட்டு, ஒவ்வொன்றையும் '8 நாளுக்கு ஒருமுறை' என்று திரும்ப விட வேண்டும். ஆஃப் நாள்களைக் காலியாகவே விடலாம்.

இப்படிப் போட்ட காலண்டரை இரண்டு மாதம் தள்ளிப் பார்த்தால்தான் குடும்பத்துக்கு உண்மையில் என்ன மிஞ்சுகிறது என்பது தெரியும். இந்தச் சுற்றில் 8 ஞாயிறுகளில் 2 தான் ஆஃப், அதுவும் அடுத்தடுத்த இரண்டு. அவற்றில் முதலாவதுதான் முழு ஞாயிறு. இரண்டாவது ஞாயிறு, நைட் முடித்து அன்று காலைதான் வீட்டுக்கு வரும் நாள்; அதில் பாதி தூக்கத்தில் போய்விடும். ஆக 56 நாளுக்கு ஒரே ஒரு முழு ஞாயிறு. காதுகுத்து, பெண் பார்ப்பது, ஊர்ப் பயணம் எல்லாம் அந்த நாளைச் சுற்றித்தான். மறுநாள் காலை 6 மணிக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட் என்பதால் அன்றிரவே திரும்பியாக வேண்டும்.

வேலை நேரத்தை மட்டும் போட்டு நிறுத்தினால் இந்தக் காலண்டர் பாதிதான் பயன்படும். வீட்டை ஆட்டிவைப்பது அவருடைய தூக்க நேரம். நைட் முடித்து வருபவருக்குக் காலை 8 முதல் 2 வரை 'தூக்கம்' என்று வேறு நிறத்தில் ஒரு பதிவு வேண்டும். கேஸ் சிலிண்டர், பிளம்பர், உறவினர் வருகை, பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்கான டியூஷன் எல்லாவற்றையும் அதைப் பார்த்தே ஒத்துக்கொள்ள முடியும். குக்கரையும் எட்டுக்கு முன்பே இறக்கிவிடலாம். வாரச் சுழற்சிக்காரர்களுக்கு இந்தத் தூக்கம் செவ்வாய் முதல் ஞாயிறு வரை வரும். ஞாயிறை மட்டும் தனிப் பதிவாகப் போடுங்கள். வாரம் ஞாயிறில் தொடங்குகிறதா திங்களிலா என்பதைப் பொறுத்து அது வேறு வாரத்துக்குத் தாவிவிடக்கூடும்.

எல்லோரும் நைட்டைத்தான் திட்டுவார்கள். பள்ளிப் பிள்ளை உள்ள வீட்டில் அதைவிடக் கடுமையானது செகண்ட் ஷிப்ட்: பிள்ளை வருவதற்குள் அப்பா கிளம்பியிருப்பார், அப்பா வருவதற்குள் பிள்ளை தூங்கியிருக்கும். காலை 7 முதல் 8 வரை 'பிள்ளையோடு' என்று ஒரு பதிவு போட்டு வைப்பது மிகையல்ல. வங்கி, ரேஷன், பள்ளிக் கூட்டம் போன்றவற்றுக்கும் அந்த வாரத்துக் காலைதான் தோது.

ரிலீவர் (அடுத்த ஷிப்டுக்கு வர வேண்டியவர்) வராமல் டபுள் டூட்டி விழுந்தால், அல்லது இருவர் ஷிப்டை மாற்றிக்கொண்டால், திருத்தும்போது மூன்று தேர்வுகள் கேட்கும். 'திஸ் ஈவென்ட்' மட்டும் தொடுங்கள். 'ஆல் ஈவென்ட்ஸ்' தட்டினால் சுழற்சி முழுவதும் நகரும். பழைய பதிவுகளும் மாறும், ஓ.டி. (கூடுதல் நேர வேலை) கணக்கு பார்க்க ஆதாரம் இருக்காது. குழு மாறினால் மட்டும் 'திஸ் அண்ட் ஃபாலோயிங்'.

அறிவிப்பு விஷயத்தில் இது ஏமாற்றும். பகிர்ந்த காலண்டரில் மனைவி வைக்கும் நினைவூட்டல் அவர் போனில்தான் வரும், கணவர் போனுக்கு அவரே தனியாக வைக்க வேண்டும். வந்தாலும் ஒரு சின்ன 'டிங்' தான். விடிகாலை கம்பெனி பஸ்ஸுக்கு எழ, போனில் உள்ள அலாரமே கதி.

கூட்ஸ் ரயில் ஓட்டும் லோகோ பைலட் வீட்டில் சுழற்சி என்பதே கிடையாது. ஏறத்தாழ 2 மணி நேரத்துக்கு முன்னால்தான் டூட்டிக்கு அழைப்பு வரும். பிறகு வெளியூரில் ரன்னிங் ரூமில் (ரயில்வே ஓய்வறை) தங்கி எப்போது திரும்புவார் என்பதும் வண்டியைப் பொறுத்தது. அங்கே முன்கூட்டி நிரப்ப ஒன்றும் இல்லை. ஒன்று மட்டும் செய்யலாம்: தலைமையிடத்தில் சைன் ஆஃப் ஆனதும் (டூட்டி முடித்துக் கையெழுத்திட்டதும்) 'ரெஸ்ட்' பதிவு போடுவது. டூட்டி 8 மணி நேரமோ அதற்கு மேலோ இருந்தால் 16 மணி நேரம், குறைந்தால் 12. அது முடியும் நேரம் தெரிந்தால் சமையலையும், அவர் வண்டியில் கொண்டுபோகும் லைன் பாக்ஸையும் திட்டமிடலாம். இதற்காக மட்டும் ஒரு செயலி வேண்டுமா என்றால், சமையலறைச் சுவரில் ஒரு சிலேட்டு போதும் என்பேன். லிங்க் (முன்கூட்டியே வகுத்த டூட்டி வரிசை) உள்ள பயணிகள் வண்டிக்காரர்களுக்குக் காலண்டர் சரிப்படும்.

வளைகுடாவில் வேலை பார்ப்பவர் வீட்டுக்கு ஒரு நல்ல வசதி உண்டு. இங்கே இரவு 8 என்று போட்ட வீடியோ கால், துபாய் போனில் மாலை 6:30 என்றும், சவுதியில் 5:30 என்றும் தானாகக் காட்டும். அவருடைய ஷிப்டைப் பதியும்போதோ நேர மண்டலத்தை அந்த ஊருக்கு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் இந்திய நேரத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

'மேக் அவைலபிள் டு பப்ளிக்' என்ற பெட்டியில் டிக் வைக்கவே கூடாது. எந்தெந்த இரவு வீட்டில் ஆண் துணை இல்லை என்பது ஊருக்கே தெரிந்துவிடும்.

போன் பார்க்காத மாமியாருக்கு, கணினியில் மாதப் பார்வைக்கு மாற்றி அச்செடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டலாம். எழுத்து பொடியாக வரும். பதிவின் பெயரை 'ஃபர்ஸ்ட்', 'செகண்ட்', 'நைட்' என்று ஒற்றைச் சொல்லாக வைத்திருந்தால் படிக்க முடியும். மாதம் நடுவில் ஷிப்ட் மாறினால் தாளில் சிவப்புப் பேனாவால்தான் அடிக்க வேண்டும்.