ஃபகரேவரேவா கிராமம்: யோல்ங்குப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போகலாமா?

நியூசிலாந்தின் ரோட்டோருவாவில், வெந்நீர் ஊற்றுகளுக்கு நடுவே மாவோரிக் குடும்பங்கள் இன்றும் குடியிருக்கும் ஊர் ஃபகரேவரேவா. 1886 ஜூன் 10 அன்று தரவேரா எரிமலை வெடித்து தே வைரோவா ஊர் புதைந்தது. தப்பி வந்த தூஹோராங்கி மக்களுக்கு இங்கே இடம் கிடைத்தது. அவர்கள் வழி வந்தவர்கள்தான் இப்போது கட்டணம் வாங்கிக்கொண்டு ஊரைச் சுற்றிக் காட்டுகிறார்கள். வட ஆஸ்திரேலியாவின் ஆர்ன்ஹெம் லேண்டிலிருந்து அங்குள்ள பழங்குடியினரான யோல்ங்குப் பிள்ளைகளை வெளிநாடு அழைத்துப் போக நினைக்கும் பள்ளிக்கு இதைவிடப் பொருத்தமான இடம் அமைவது கடினம். ஆனால் பகல் சுற்றோடு திரும்பிவிடக் கூடாது. மாவோரிகளின் குலப் பொதுமனையான மராயே ஒன்றில் ஓர் இரவாவது தங்க வேண்டும்.

முதலில் ஊர்ச் சுற்று. காலையில் முதல் ஆளாகப் போய்விடுங்கள். பேருந்துக் கூட்டம் வந்துவிட்டால் வழிகாட்டி சொல்வது பின்னால் நிற்கும் பிள்ளைக்குக் கேட்காது. யோல்ங்குப் பிள்ளைகள் பலருக்கு ஆங்கிலம் வீட்டு மொழி அல்ல. அதனால் நிறுத்தி நிறுத்திப் பேசச் சொல்லி முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

பிள்ளைகள் அதிக நேரம் நிற்பது சமையல் இடத்தில்தான். பாரேகோஹூரு என்ற கொதிக்கும் குளத்தில் சோளக்கதிர்களைத் துணிப்பையில் கட்டி இறக்குகிறார்கள். சில நிமிடங்களில் வெந்து வருகிறது. ஆவி வரும் துளைமேல் மரப்பெட்டியை வைத்து, அதற்குள் கோழி, பன்றி இறைச்சி, உருளை, குமரா எனப்படும் சர்க்கரைவள்ளி, முட்டைக்கோஸ் எல்லாவற்றையும் அடுக்கி மூடிவிடுகிறார்கள். குழி தோண்டிக் கல்லைச் சுட்டு ஆமையும் கங்காருவும் வேகவைக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. விறகு எங்கே என்பதுதான் அவர்கள் கேட்கும் கேள்வி. இந்த உணவை மதியத்துக்கு முன்பதிவு செய்துவிடுங்கள்.

வெறுங்காலோடு நடந்து பழகிய பிள்ளைகளை இங்கே கண்ணில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். பாதையை விட்டு இறங்கினால் மண் மேலோடு மெல்லியது, கீழே கொதிநீர். பொதுமனைக்குள் நுழையும்போதோ காலணியைக் கழற்றியாக வேண்டும். ஆகவே கயிறு கட்டும் ஷூ வேண்டாம், சட்டென்று மாட்டிக் கழற்றுவது போதும். நிலச்சூட்டால் கல்லறைகளைத் தரைக்கு மேலே கட்டியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் கேமராவை உள்ளே வைக்கச் சொல்லுங்கள்.

இனி மராயே. வரவேற்புச் சடங்கான போஃபிரிக்கு வெறுங்கையோடு போய் நிற்கக் கூடாது. வாசலில் ஒரு பெண் குரல் எடுத்து அழைப்பார். விருந்தினர் பக்கத்திலிருந்து ஒரு பெண் பதில் குரல் கொடுக்க வேண்டும். பிறகு உரைகள். ரோட்டோருவா தே அரவா குலங்களின் நாடு. அவர்கள் வழக்கப்படி இரு தரப்பும் மாறி மாறிப் பேசுவார்கள், கடைசிப் பேச்சு ஊர்க்காரருடையது. பேசுவது ஆண்கள். ஆசிரியைகள் மட்டுமே கொண்ட குழு இங்கேதான் தடுமாறும். பேச ஆள் இல்லையென்றால் முன்பே சொன்னால் அவர்களே ஒருவரை ஏற்பாடு செய்வது உண்டு. ஒவ்வொரு உரைக்குப் பின்னும் ஒரு பாட்டு. விருந்தினர் தரப்பில் கடைசியாகப் பேசுபவர் கோஹா என்ற அன்பளிப்பை உறையில் வைத்துத் தரையில் வைப்பார். வழக்கமாக எவ்வளவு என்று அவர்களிடமே நேராகக் கேட்கலாம். தவறாக நினைக்க மாட்டார்கள்.

எந்தப் பாட்டை வெளியார் முன் பாடலாம் என்பதை யோல்ங்கு ஊர்ப் பெரியவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும், இசை ஆசிரியர் அல்ல. அதனால் ஆண் ஒருவர், பெண் ஒருவர் என இரண்டு பெரியவர்களையாவது உடன் அழைத்துப் போங்கள். பணம் கூடுதலாகும்தான். ஆனால் ஆசிரியர்களைக் குறைத்தாலும் பெரியவர்களைக் குறைக்காதீர்கள்.

பெரும்பாலான பயணத் திட்டங்களில் விட்டுப்போவது இன்னொன்று. மாவோரிப் பொதுமனையின் சுவரில் இறந்த முன்னோரின் புகைப்படங்கள் வரிசையாக மாட்டியிருக்கும். உரைகளில் இறந்தவர்களைப் பெயர் சொல்லி வணங்குவார்கள். யோல்ங்கு வழக்கம் நேர் எதிர். சில காலம் இறந்தவரின் பெயரைச் சொல்ல மாட்டார்கள், படத்தையும் மறைத்துவிடுவார்கள். முன்னறிவிப்பு இல்லாமல் அந்தச் சுவருக்குக் கீழே படுக்கச் சொன்னால், அண்மையில் வீட்டில் சாவு கண்ட பிள்ளை இரவு முழுக்கத் தூங்காது. பயணத்துக்கு முன்பே மனையின் உட்புறப் படத்தைக் காட்டிப் பேசிவிடுங்கள். எல்லாரும் ஒரே கூடத்தில் மெத்தை போட்டுப் படுப்பதிலும் சிக்கல் உண்டு. யோல்ங்கு உறவுமுறையில் அண்ணன் தங்கையாக வருபவர்கள் அருகருகே இருக்கக் கூடாது. மூக்கோடு மூக்கு வைக்கும் ஹோங்கி வரிசையிலும் ஒருவரையொருவர் நெருங்கக் கூடாத விலக்கு உறவுகள் உண்டு. யார் எங்கே படுப்பது என்பதைப் பெரியவர்களே பிரிக்கட்டும். மராயேயில் துக்கம் நேர்ந்தால் உங்கள் பதிவு தள்ளிப்போகும். பிள்ளையின் ஊரில் துக்கம் என்றால் பிள்ளை திரும்பியாக வேண்டும். தேதி மாற்றக்கூடிய விமானச் சீட்டே எடுங்கள்.

காகித வேலையைக் குறைந்தது ஆறு மாதம் முன்னால் தொடங்குங்கள். பாஸ்போர்ட்டுக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். தொலைதூர ஊர்களில் பிறப்பே பதிவாகாமல் இருப்பது உண்டு, பெரியவர்கள் விஷயத்தில் இன்னும் அதிகம். பாட்டியிடமோ சித்தியிடமோ வளரும் பிள்ளைக்கும் சட்டப்படி பெற்றோர் பொறுப்பு உள்ளவர்களின் கையெழுத்து தேவை. ஆஸ்திரேலியக் குடிமக்களுக்கு நியூசிலாந்து விசா வேண்டாம். பயணி அறிவிப்புப் படிவத்தைப் புறப்படும் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் நிரப்பலாம், இலவசம்தான். இறகு, தோல், விதைமாலை, இசைக்கழி, யிடக்கி என்ற நீண்ட மர ஊதுகுழல் எதுவானாலும் படிவத்தில் அறிவித்துவிடுங்கள். மறைத்தால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். மரப்பொருளில் மண்ணோ பூச்சித் துளையோ இருந்தால் பரிசாகக் கொண்டுபோனதே விமான நிலையத்தில் நின்றுவிடும்.

உடல்நலத்தில் முக்கியமானது ருமாட்டிக் இதய நோய். ஆர்ன்ஹெம் லேண்ட் பிள்ளைகளில் சிலர் 28 நாளுக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போடுபவர்கள். கிளினிக்கில் தேதியைக் கேட்டு, ஊசியைப் போட்டுக்கொண்டே கிளம்ப வேண்டும். கந்தக வாடையால் ஆஸ்துமா கிளம்பலாம், இன்ஹேலரைக் கைப்பையில் வைத்திருங்கள். வெந்நீர்க் குளத்தில் தலையை முக்கக் கூடாது. மூக்கு வழியே ஏறும் அமீபா மூளைக்காய்ச்சலைத் தரும்.

மழைக்காலத்தில் ஆர்ன்ஹெம் லேண்ட் சாலைகள் மூழ்கிவிடும். ஜூலையில் போனால் ரோட்டோருவா இரவு 3, 4 டிகிரிக்கு இறங்கும். கம்பளி உடை இல்லாத பிள்ளைகளுக்கு அது கொடுமை. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட அக்டோபரே எங்கள் பரிந்துரை.

நேரம் இருந்தால் பக்கத்து வளாகமான தே புயியாவையும் பாருங்கள், நுழைவுச்சீட்டு தனி. அங்கே மரச்செதுக்கும் நெசவும் கற்பிக்கும் பள்ளி இருக்கிறது. மரப்பட்டை ஓவியம் வரையும் வீட்டுப் பிள்ளைகள் உளி பிடிக்கும் கையைவிட்டுக் கண்ணெடுக்க மாட்டார்கள். ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் ஃபகரேவரேவாவையே எடுங்கள். தே புயியாவின் கெய்சர், அதாவது வெந்நீர் ஊற்று, பீறிடுவது அங்கிருந்தும் தெரியும். மிச்சமாகும் அரை நாளில், எல்லாப் பாடமும் மாவோரி மொழியில் நடக்கும் கூரா கௌபாப்பா பள்ளி ஒன்றுக்கு முன்பே எழுதிக் கேட்டு, பிள்ளைகளை வகுப்பில் உட்கார வையுங்கள்.